1803: தஞ்சைப் பெரிய கோயிலின் மராத்திக் கல்வெட்டு

மராத்தியர் வரலாற்றில் 1803ஆம் ஆண்டு புணேயில் ஒருவாறாகவும் தஞ்சையில் வேறொருவாறாகவும் பதிவாகியுள்ளது. 1802 அக்டோபரில், கராடிக்கு எதிரே முளா-முட்டா ஆற்றின் மறுபுறமுள்ள ஹடப்சர் அருகே நடந்த போரில் ஹோல்கர் வென்றார். தோல்வியுற்ற பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் அவ்வாண்டு டிசம்பர் 31இல் வசாயில் கும்பினியாருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். 1803 மே மாதம் ஆங்கிலப் படையின் துணையுடன் புணே திரும்பினார். பதவி மீண்டது, தன்னுரிமை மீளவில்லை.

தஞ்சையின் நிலையும் இதற்கு நெருங்கியதே. சிவாஜியின் தம்பி ஏகோஜி நிறுவிய அரசின் ஆட்சிப் பொறுப்பை, 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இரண்டாம் சரபோஜி கும்பினியாரிடம் ஒப்படைத்தார். கோட்டையும் மன்னர் என்னும் மதிப்புமே அவரிடம் எஞ்சின. நான்கு ஆண்டுகளுக்குப்பின், சக ஆண்டு 1725இல் (கி.பி. 1803), போன்ஸ்லே குலத்தின் வரலாற்றைப் பெரிய கோயிலில் அவர் பொறிப்பித்தார். இதனைத் தொகுத்தவர் பாபுராவ் சிட்னிஸ். 'சிட்னிஸ்' என்பது அரசவை எழுத்தரின் பதவிப் பெயர். அதுவே பின்னர்க் குடும்பப் பெயராகவும் நிலைத்தது.

அதே கோயிலிலுள்ள இராசராசன் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் கொடைகளையும் அவற்றை நடத்தும் முறைகளையும் கூறுவன. சரபோஜியின் கல்வெட்டோ கொடைச் சாசனம் அன்று; அது வமிச சரித்திரம். எழுத்தும் கருதத்தக்கது. தஞ்சை அரண்மனையின் அன்றாட ஆவணங்கள் விரைந்து எழுதத்தக்க மோடி எழுத்தில் அமைந்தவை. கல்லிலோ தேவநாகரி இடம்பெற்றது. அலுவல் எழுத்தை விடுத்து நூலெழுத்தைக் கொண்டமை, இவ்வுரை பிற்காலத்தாரையும் கருதி எழுதப்பட்டது எனக் கொள்ள இடமளிக்கிறது.

இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றியமையாதது. 'ராஜ்யம்' என்னும் சொல் 1799க்கு முன் நிலத்தையும் வரியையும் உள்ளடக்கியது. அதன்பின் சரபோஜியைப் பொறுத்தவரை பட்டத்தையும் மரபையுமே சுட்டியது. இக்காலத்து எழுத்துகளைத் தமிழாக்குவோர் அதற்கு 'நாடு', 'ஆட்சி', 'அரசுரிமை' என்பவற்றுள் எதை வழங்குவது என்பதை அகராதி மட்டும் முடிவு செய்ய இயலாது. எழுதப்பட்ட ஆண்டும் உடன் நின்று முடிவு செய்கிறது.

தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989இல் மோடி ஆவணத் தமிழாக்கத்தை வெளியிட்டபின், கல்வெட்டின் கூற்றை அரண்மனையின் அன்றாடக் குறிப்புகளோடு ஒப்பிடும் வழி தமிழறிந்தோர்க்குத் திறந்தது. பேஷ்வா ஆட்சி 1818இல் முடிந்தது. தஞ்சை மரபின் அரசுரிமை 1855இல் அற்றது. ஆட்சி கைவிட்டுப்போன நிலையில் மொழியிடம் ஒப்படைக்கப்பட்ட வரலாறு மட்டும் கோயிற் சுவரில் நிற்கிறது.