சாம்ப்ளரும் சாதகமும்

பெங்களூர் ராடெல் நிறுவனத்தின் மின்தம்பூரா நம்மவர் வீடுகள் பலவற்றில் உண்டு. சாம்ப்ளர் அதற்குத் தம்பி முறை. பதிந்து வைத்த எந்த ஒலியையும் பேடைத் தட்டினால் எழுப்பும். 2021-இல் வந்த ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2-வில் ஒரு புராஜெக்டுக்கு 10 பேங்க், பேங்குக்கு 16 பேட், ஆக 160 ஒலிகள். மேடையில் இதுதான் வம்பு. எது எங்கேன்னு தேடினால் தாளம் போச்சு!

சங்க விழாவில் வாசிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: பாட்டுக்கு ஒரு பேங்க். எல்லா பேங்கிலும் பறை கீழே இடது மூலை, தம்பூரா மேலே வலது மூலை. மிருதங்கக்காரர் சொல்கட்டை வாயால் சொல்லிப் பழகுகிறாரே, அதுபோல கருவியை அணைத்துவிட்டு விரல் மட்டும் ஓட்டுங்கள். பாட்டைவிடப் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பைத்தான் அதிகம் பழகணும். சுருதி ஒன்றானால் தம்பூரா ஓடட்டும். வேறானால் அதை நிறுத்தி, பறையை மட்டும் விட்டுக் கடந்துடலாம்.