கைமாறும் வீரர்கள் – 9: எந்த புரூக்ஸ்?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில், வேறு அணிக்கு மாற்றினால் ‘ஆட்டத்தையே விட்டுவிடுவேன்’ என்று விளாடே டிவாட்ஸ் முரண்டு பிடித்ததையும், அதனால் கோபி பிரயன்ட் என்ற 17 வயதுப் பையனின் எதிர்காலம் 1996-இல் இரண்டு வாரம் வெறும் வாய்ச்சொல்லில் தொங்கியதையும் சென்ற வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இங்கே இடம் குறைவு.

இந்த வாரம் கைமாறும் வீரர்களுக்கு நடக்கும் மருத்துவப் பரிசோதனை பற்றி என்று சொல்லி வைத்திருந்தேன். குறிப்புகள்கூட எடுத்தாயிற்று. கட்டுரையைக் கொடுக்க இரண்டு நாள் இருக்கையில் 2018 டிசம்பர் செய்திகளை மறுபடி படிக்கப் போய், ஒரு தேதியில் மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

2018 டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை. மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணி சொந்த அரங்கில் மயாமி ஹீட்டோடு ஆடிய இரவு. மூன்று அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டன என்று ட்விட்டரில் செய்தி பறக்கிறது. ஃபீனிக்ஸ் சன்ஸின் டிரெவர் அரீஸா வாஷிங்டனுக்குப் போகிறார். வாஷிங்டன் விஸார்ட்ஸின் கெல்லி ஊப்ரே மெம்ஃபிஸுக்கு. வாஷிங்டனின் இன்னொரு வீரர் ஆஸ்டின் ரிவர்ஸ் ஃபீனிக்ஸுக்கு. மெம்ஃபிஸிலிருந்து வேன் செல்டனும் புரூக்ஸும் ஃபீனிக்ஸுக்கு.

மெம்ஃபிஸ் அணியில் அப்போது இரண்டு புரூக்ஸ் இருந்தார்கள்.

ஒருவர் டில்லன் புரூக்ஸ். கனடாக்காரர், வயது 22. முதல் பருவத்திலேயே 82 ஆட்டங்களிலும் களம் இறங்கியவர். வளர்ந்து வருகிற ஆள். மற்றவர் மார்ஷான் புரூக்ஸ். வயது 29. 2011-இல் புது வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே தேர்வானவர், பிறகு என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காமல் சீனாவுக்குப் போய் ஆடி, 2018 மார்ச் கடைசியில்தான் மெம்ஃபிஸ் வழியாகத் திரும்பி வந்திருந்தார். ஃபீனிக்ஸ் நினைத்திருந்தது டில்லனை. மெம்ஃபிஸ் கொடுக்கச் சம்மதித்தது மார்ஷானை. செய்தி உலகம் முழுக்கப் போன பிறகுதான் இது வெளியே வந்தது. இரவோடு இரவாக எல்லாம் முறிந்தது.

இதை வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. முழுநேரம் இதே வேலையாக இருக்கிற மூன்று அலுவலகங்கள், கோடிக்கணக்கான டாலர் புழங்கும் ஒரு லீக், கணக்குப் பார்க்க வழக்கறிஞர்கள். இத்தனையும் இருந்து ஒரு பெயர் தவறியது எப்படி?

முதல் காரணம், நடுவில் நின்ற ஆள். ஃபீனிக்ஸ் பேசியது வாஷிங்டனோடு. மெம்ஃபிஸ் பேசியதும் வாஷிங்டனோடு. ஃபீனிக்ஸோடு தாங்கள் நேரடியாகப் பேசவே இல்லை, டில்லனின் பெயர் பேச்சில் வரவே இல்லை என்றுதான் மெம்ஃபிஸ் தரப்பு பிறகு செய்தியாளர்களிடம் சொன்னது. மூன்று அணி மாற்றங்களில் இது வழக்கமான ஏற்பாடுதான். ஒரு அணி தரகு வேலை பார்க்கும்; மற்ற இரண்டும் அந்தத் தரகரின் வாயைத்தான் நம்ப வேண்டும். இரண்டாவது, அமெரிக்க விளையாட்டு உலகில் குடும்பப் பெயரைச் சொன்னாலே போதும் என்கிற பழக்கம். மூன்றாவது காரணம்தான் என்னை உலுக்கியது: சம்பளம். சாதாரணமாக ஆள் மாறினால் தொகை இடிக்கும். யாராவது பேனாவைக் கீழே வைத்துவிட்டு ‘இது யார்?’ என்று கேட்பார்கள். இந்த இருவர் வாங்கியதோ லீக்கின் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகை. கணக்குத் தாளில் எந்த புரூக்ஸை வைத்தாலும் கூட்டல் சரியாக வந்திருக்கும்.

நான் சொன்ன தேதிக்கு வருகிறேன். ஏன் டிசம்பர் 14?

அரீஸா அந்தக் கோடையில்தான் 1.5 கோடி டாலருக்கு ஃபீனிக்ஸோடு ஓராண்டு ஒப்பந்தம் போட்டிருந்தார். கோடையில் புதிதாகக் கையெழுத்திட்ட வீரரைப் பொதுவாக டிசம்பர் 15 வரை வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்பது லீக் விதி. ஆக, வெள்ளி இரவு அந்த மூன்று அணிகளும் எழுத்தில் எதையும் போட முடியாது. பேசலாம், தலையாட்டலாம், அவ்வளவுதான். விடிந்தால் லீக் அலுவலகத்துக்குப் போகலாம். அந்த ஒரு ராத்திரிக்கு அவர்கள் கையில் இருந்தது பேச்சு மட்டும். அந்த ஒரு ராத்திரியில்தான் அது உடைந்தது. அவசரத்தை உண்டாக்கியதும் விதி, எழுதவிடாமல் தடுத்ததும் அதே விதி. இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது இந்த இடத்தைத்தான். ஏமாற்றுக்காரர்கள் இருப்பதால்தான் வாய்ச்சொல் ஒப்பந்தம் ஆபத்தானது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அன்றைக்கு மூன்று அணிகளில் யாரும் யாரையும் ஏமாற்ற முயன்றதாக எனக்குத் தோன்றவில்லை.

விடிந்த பிறகு என்ன நடந்திருக்கும் என்பதையும் பார்த்துவிடுவோம். அணிகள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டாலும், லீக் அலுவலகத்தோடு ஒரு தொலைபேசி அழைப்பு முடியாமல் மாற்றம் நடந்ததாகக் கணக்கில்லை. எல்லா அணிகளும் ஒரே இணைப்பில் இருக்கும். லீக் வழக்கறிஞர் ஒவ்வொரு வரியாக வாசிப்பார்: இந்த வீரர், முழுப் பெயர், ஒப்பந்தத்தில் மிச்சம் இத்தனை ஆண்டு, இத்தனை தொகை, இந்த ஆண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமை, இன்னின்ன நிபந்தனை, மருத்துவப் பரிசோதனை முடிய இத்தனை மணி நேரம். ஒவ்வொரு அணியும் ஆமோதிக்க வேண்டும். அந்த அழைப்பில் ‘புரூக்ஸ்’ என்று மொட்டையாகச் சொல்ல வழியில்லை. மறுநாள் காலை அந்த வாசிப்பு நடந்திருந்தால் குழப்பம் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். ஆனால் அதற்குள் செய்தி நிருபர்கள் கைக்கும், அங்கிருந்து வீரர்கள் காதுக்கும் போய்விட்டது. உறுதியாகாத பேச்சு உறுதியான செய்தியாக வெளியேறுகிற வேகத்தை எந்த விதியும் இன்னும் பிடிக்கவில்லை.

எழுதவே முடியாத பேச்சுகளும் உண்டு. அதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். இடம் பிடிக்கும், பரவாயில்லை.

1956. பில் ரஸ்ஸல் கல்லூரி முடித்து வருகிறார். முதல் தேர்வுரிமை ராச்செஸ்டர் ராயல்ஸிடம், இரண்டாவது செயின்ட் லூயிஸ் ஹாக்ஸிடம். பாஸ்டன் செல்டிக்ஸின் பயிற்சியாளர் ரெட் அவர்பாக்குக்கு ரஸ்ஸல் வேண்டும். எட் மக்காலி, கிளிஃப் ஹேகன் இருவரையும் கொடுத்து இரண்டாவது இடத்தை வாங்கிவிடலாம். மக்காலிக்கும் அது சம்மதம். அவருடைய சின்ன மகன் மூளைக்காய்ச்சலில் விழுந்து செயின்ட் லூயிஸில் சிகிச்சையில் இருந்தான். ஆனால் ராச்செஸ்டர் முதலிலேயே ரஸ்ஸலை எடுத்துவிட்டால்? அவர்பாக் பிற்காலத்தில் சொல்லிவந்த கதைப்படி, பாஸ்டன் அணியின் உரிமையாளர் வால்டர் பிரவுன் ராச்செஸ்டர் உரிமையாளர் லெஸ் ஹாரிசனுக்குத் தொலைபேசியில் ஒரு வாக்குக் கொடுத்தார். பிரவுனுக்கு ‘ஐஸ் கேபேட்ஸ்’ என்ற பனிச்சறுக்கு நடனக் குழுவிலும் கை இருந்தது. நீங்கள் ரஸ்ஸலை விட்டுவிட்டால் உங்கள் அரங்குக்கு அந்த நிகழ்ச்சியை அனுப்புகிறேன் என்பதுதான் வாக்கு. ராச்செஸ்டர் எடுத்தது சிஹூகோ கிரீனை. ரஸ்ஸல் பாஸ்டன் வந்து 13 பருவங்களில் 11 பட்டம் வென்றார். இந்தக் கதை அப்படியே நடந்ததா என்று சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். காகிதம் எதுவும் இல்லாததால் இரு பக்கமும் நிரூபிக்க ஆள் இல்லை. நடந்திருந்தால், பிரவுன் அந்த நிகழ்ச்சியை அனுப்பாமல் விட்டிருந்தாலும் ஹாரிசன் எந்த லீக் அலுவலகத்தில் போய் முறையிட்டிருப்பார்?

பின் எதை நம்பிப் பேசுகிறார்கள் என்று கேட்கலாம். மறுபடியும் பேச வேண்டியிருக்கிறதே என்பதை நம்பித்தான். லீக்கில் இருப்பது 30 அணிகள், 30 மேலாளர்கள். ஒருமுறை சொல் மாறியவருக்கு அடுத்த பிப்ரவரியில், மாற்றங்களுக்கான கெடு நெருங்கும்போது, தொலைபேசி அடிக்காது. இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் வேலை செய்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அணிகளுக்கு இடையில் மட்டும் ஓடுகிற கட்டுப்பாடு. மாற்றப்படுகிற வீரர் அதற்குள் இல்லை.

2020-இல் மில்வாக்கி பக்ஸ் படித்த பாடமும் இதுவே. போக்டான் போக்டானோவிச்சை சாக்ரமென்டோ கிங்ஸிடமிருந்து பெற இரண்டு அணிகளும் பேசி முடித்துவிட்டதாக நவம்பர் 16 அன்று செய்தி வந்தது. டான்டே டிவின்சென்சோ உள்ளிட்ட மூவர் பதிலுக்குப் போவதாக ஏற்பாடு. ஆனால் போக்டானோவிச்சின் ஒப்பந்தக் காலம் முடிகிற தறுவாயில் இருந்தது. அவர் சாக்ரமென்டோவோடு புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அவரை மாற்றவே முடியும். அணிகள் அவரோடு பேசத் தொடங்க அனுமதி நவம்பர் 20 மாலைதான். இரு அணிகளும் சம்மதித்துவிட்டன. கையெழுத்துப் போட வேண்டியவர் போடவில்லை. அவர் நான்கு ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் என்ற அட்லாண்டாவின் அழைப்பை ஏற்றுக்கொண்டு போய்விட்டார். லீக் விசாரித்து, காலத்துக்கு முன்பே பேசியதற்காக மில்வாக்கியின் 2022 இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமையைப் பறித்தது. மில்வாக்கி அடுத்த ஆண்டே பட்டம் வென்றதால் இது பெரிதாகப் பேசப்படவில்லை. டிவின்சென்சோ ‘உன்னைக் கொடுத்துவிட்டோம்’ என்று ஊரறியச் சொன்ன அணியின் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு ஆட வந்ததை நான் மறக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். மறுநாளே ஃபீனிக்ஸும் வாஷிங்டனும் நேரடியாகப் பேசி முடித்துக்கொண்டன: அரீஸா வாஷிங்டனுக்கு, ஊப்ரேயும் ரிவர்ஸும் ஃபீனிக்ஸுக்கு. ரிவர்ஸை ஃபீனிக்ஸ் உடனே விடுவித்தது. அவர் ஹூஸ்டனில் சேர்ந்தார். மெம்ஃபிஸ் வெறுங்கையோடு நின்றது. மூன்றே வாரத்தில், 2019 ஜனவரி தொடக்கத்தில், அதே செல்டனையும் அதே மார்ஷானையும் சேர்த்தே சிகாகோவுக்கு அனுப்பியது. சிகாகோ சில நாளில் மார்ஷானை விடுவித்தது. அவர் அதற்குப் பிறகு ஒரு என்.பி.ஏ. ஆட்டம்கூட ஆடவில்லை, சீனாவுக்கே திரும்பினார். ஃபீனிக்ஸ் அன்று ‘சரி, மார்ஷானே வரட்டும்’ என்றிருந்தால் அவர் நிலை வேறாக இருந்திருக்குமா, தெரியாது. தன் பெயர் வந்த செய்தியைப் பார்த்த சில மணி நேரத்தில், ‘அவர்கள் கேட்டது உன்னை இல்லை’ என்று உலகமே சொல்லக் கேட்டவர் அவர். அணிகளின் லாப நஷ்டக் கணக்கில் இதற்கு ஒரு வரி கிடையாது.

டில்லனுக்கு அந்தப் பருவம் 18 ஆட்டத்தோடு முடிந்தது; ஜனவரியில் வலது கால் பெருவிரலில் தசைநார் அறுந்தது. பிறகு மெம்ஃபிஸிலேயே 2023 வரை ஆடி, ஹூஸ்டனுக்குப் போனார். 2025 ஜூலையில் கெவின் டுரான்ட்டை ஃபீனிக்ஸிடமிருந்து ஹூஸ்டன் வாங்கியபோது அது ஏழு அணிகள் சேர்ந்த மாற்றமாக வளர்ந்தது. லீக் வரலாற்றிலேயே மிகப் பெரியது. அதில் ஃபீனிக்ஸுக்கு வந்து சேர்ந்த பெயர்களில் ஒன்று டில்லன் புரூக்ஸ். 2018-இல் கேட்ட ஆள் ஆறரை ஆண்டு கழித்து வந்து சேர்ந்தார், இந்த முறை முழுப் பெயரோடு.

மருத்துவப் பரிசோதனைக்கு இந்த வாரம் இடமில்லாமல் போனது. அடுத்த வாரம் கட்டாயம் அதுதான். 2009 பிப்ரவரியில் ஓக்லஹோமா சிட்டியின் மருத்துவர்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன டைசன் சாண்ட்லரின் இடது கால் பெருவிரலிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)