சிறுமி எழுதிய கடிதம்

1957-ஆம் ஆண்டு. அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு ஒரு சிறுமி கடிதம் எழுதினாள். அவளுக்கு வயது ஒன்பது. பெயர் ட்ரூ கில்பின். வர்ஜீனியா மாநிலத்துக் கிராமப்புறத்தில் வளர்ந்தவள்.

அவளுடைய பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்தார்கள். கறுப்பு இனப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இல்லை. இது நியாயம் அல்ல, இந்தப் பிரிவினையை ஒழியுங்கள் என்று அவள் ஜனாதிபதியைக் கேட்டுக்கொண்டாள்.

தாயின் புத்திமதி

"இது ஆண்களின் உலகம். அதைச் சீக்கிரம் புரிந்துகொள்வது உனக்கு நல்லது" என்ற கருத்தில் தாய் புத்தி சொல்வாள். மகள் கேட்கவில்லை. சரித்திரம் படித்தாள். 1975-ல் டாக்டர் பட்டம் பெற்றாள். பென்சில்வேனியா சர்வகலாசாலையில் 25 ஆண்டுகள் பணியாற்றினாள்.

2007-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையின் தலைவரானார், டாக்டர் ட்ரூ கில்பின் பவுஸ்ட். 1636-ல் தோன்றிய ஹார்வர்டுக்கு அவரே முதல் பெண் தலைவர்!

அமெரிக்க உள்நாட்டுப் போரில் சுமார் 6,20,000 வீரர்கள் மாண்டார்கள். அத்தனை சாவுகளை அந்த நாடு எப்படித் தாங்கியது? அதைப்பற்றி அவர் எழுதிய புத்தகம் 2008-ல் வெளிவந்து புகழ் பெற்றது.

சுவரில் நான்கு பெயர்கள்

18-ஆம் நூற்றாண்டில் ஹார்வர்டு தலைவர்களின் வீட்டிலேயே அடிமைகள் வேலை செய்தார்கள். டைட்டஸ், வீனஸ், பில்ஹா, ஜூபா என்பவர்கள் அவர்கள். வெகுகாலம் அவர்களை யாரும் நினைக்கவில்லை.

2016-ல் அந்த வீட்டுச் சுவரில் நால்வர் பெயரும் பொறித்த பலகை வைக்கப்பட்டது. வைக்கச் செய்தவர், அதே தலைவர் பதவியில் இருந்த பவுஸ்ட்.

2018-ல் அவர் பதவியை விட்டு விலகினார். பலகை சுவரில் நிலைத்தது. ஒன்பது வயதில் கேட்ட நியாயத்தை அவர் மறக்கவே இல்லை.