சாம்பிராணிச் சிட்டிகையும் பொரிப் பொட்டலமும்

ஆயுதபூஜை அன்று அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் லேத் மிஷினைக் காட்டன் வேஸ்ட்டால் துடைத்து, சந்தனம் தடவி, குங்குமப் பொட்டிட்டு, மாலை போடுவார்கள். வாசலில் பூசணிக்காய் உடைபடும். பிறகு, படைத்த பொரி, கடலை, சுண்டல் பொட்டலமாக எல்லார் கைக்கும் வரும். வாங்கலாமா, கூடாதா என்று அங்கே நிற்கும் கிறிஸ்தவத் தொழிலாளிக்கு எழும் கேள்விக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வயது. ரோமப் பேரரசின் முதல் கிறிஸ்தவர்கள் என்றதும் நமக்குச் சிங்கமும் சிலுவையும்தான் நினைவுக்கு வருகின்றன. அவர்களில் பெரும்பாலோரின் அன்றாடச் சிக்கலோ இந்தப் பொட்டலத்தைப் போன்றது. அவர்கள் ஊரைவிட்டு ஒதுங்கவில்லை. ஊருக்குள் இருந்தபடியே ஓரிடத்தில் மட்டும் கோடு கிழித்தார்கள்.

கொரிந்து நகரில் கோயில்களில் பலியிட்ட இறைச்சி கடைத்தெருவுக்கும் வந்தது. கி.பி. 55 வாக்கில் அவ்வூர்ச் சபைக்கு எழுதிய அப்போஸ்தலர் பவுல், கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம் என்றார். வேற்று நம்பிக்கையுள்ளவர் விருந்துக்கு அழைத்தால் போகலாம், வைத்ததை உண்ணலாம். 'இது படைத்தது' என்று ஒருவர் சொல்லிவிட்டால் மட்டும், சொன்னவரின் மனசாட்சிக்காகத் தவிர்க்க வேண்டும். வழிபாட்டுப் பந்தியில் பங்கு கிடையாது. கி.பி. 197 வாக்கில் கார்த்தேஜில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனும், சந்தை, பொதுக் குளிப்பிடம், கடை, கப்பல், படை எல்லாவற்றிலும் நாங்கள் உங்களோடுதான் இருக்கிறோம் என்றே வாதாடினார்.

கோடு விழுந்த இடம் வழிபாடு. பேரரசர் சிலைக்கு முன் போடும் ஒரு சிட்டிகை சாம்பிராணியில் என்ன குறைந்துவிடப் போகிறது, போட்டுவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். கி.பி. 112 வாக்கில் ரோம மாகாணமான பித்தினியாவை ஆண்ட பிளினி அந்தச் சிட்டிகையைத்தான் சோதனையாக வைத்தார். பேரரசர் டிராஜனின் சிலைக்கு முன் சாம்பிராணியும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்தவர்களை விட்டுவிட்டார். உண்மையான கிறிஸ்தவர்களை இதைச் செய்யவைக்க முடியாதாம் என்று பேரரசருக்கு எழுதியவரும் அவரே. அது சின்ன விஷயமாக இருந்திருந்தால் அதைக் கொண்டு ஆளைப் பிரித்தறிய முடிந்திருக்காது. அதே கடிதத்தில் இன்னொரு செய்தி உண்டு. விடியுமுன் கூடிப் பாடும் இவர்கள் திருடுவதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லையென்பதில்லை என்று உறுதி எடுத்தார்கள். சிலைக்கு முன் கை நீளாததன் மதிப்பு, நம்பி ஒப்படைத்த அடுத்தவர் பொருள்மீதும் அந்தக் கை நீளாததில் தெரிகிறது.

இந்தச் சோதனையின் கடுமையை நம் மண்ணும் கண்டிருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் பணியாற்றிய நட்டாலம் நீலகண்டப் பிள்ளை, 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எருமைமேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார் என்கிறது திருச்சபை மரபு. அவர்மீது விழுந்த பழி ராஜதுரோகம்தானே, மதம் எங்கே வந்தது என்பாருண்டு. ரோமிலும் பேரரசரின் சிலையை வணங்காதவன் அரசின் விரோதியாகவே பார்க்கப்பட்டான். எல்லாரும் செய்வதை ஒருவன் செய்ய மறுத்தால், அதிகாரத்தின் காதில் அது துரோகம் என்றே விழும்.

ஆனால் அம்பத்தூரைப் பித்தினியாவோடு ஒப்பிடுவது அநியாயம். பொட்டலம் நீட்டுகிறவர் பிளினி அல்ல. பத்து வருடம் பக்கத்து மிஷினில் நின்றவர், அன்போடு தருகிறார். நமக்கு வழிகாட்ட வேண்டியது கொரிந்துக் கடிதம். அதில் இருதரப்பாரையும் பார்த்துப் பவுல் பேசுகிறார்: உண்பவன் தயங்குபவனை இடறச்செய்யக் கூடாது, தயங்குபவனின் மனசாட்சி உண்பவனுக்குச் சட்டமும் ஆகாது. ஆகவே, வாங்கிக்கொண்டவரைச் சபையில் விசாரணைக்கு நிறுத்தாதீர்கள். 'வேணாம்ணே' என்று கைகூப்பியவரைப் பட்டறையில் ஒதுக்காதீர்கள்.