நினைவேந்தலுக்கு எத்தனை பேர் வந்தார்கள்?

களுவாஞ்சிக்குடியில் அரசியல் தலைவர் ஒருவரின் நினைவேந்தல் முடிந்து, செய்தி எழுத உட்கார்ந்தபோது ஏற்பாட்டாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, மூவாயிரம் எண்டு போடுங்க."

நான் கதிரைகளை எண்ணியிருந்தேன். வாடகைக்கு எடுத்தவை 400, எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். பின்னால் நின்றவர்களையும் மதிலோரம் சாய்ந்திருந்தவர்களையும் சேர்த்தால் 600 வரும். அதையே எழுதினேன். இரண்டு கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை.

அவருக்குப் பிறகு விளங்கப்படுத்தியதைத்தான் இங்கே எழுதுகிறேன். 1960களில் அமெரிக்காவின் பேர்க்லியில் ஊடகவியல் கற்பித்த ஹேர்பேர்ட் ஜேக்கப்ஸ், தன் அலுவலக யன்னலுக்குக் கீழே நடந்த வியட்நாம் போர் எதிர்ப்புக் கூட்டங்களைப் பார்த்து ஒரு வழி கண்டார். தரையைக் கட்டங்களாகப் பிரிப்பது, ஒரு கட்டத்தில் நிற்பவர்களை எண்ணுவது, பிறகு பெருக்குவது. தாராளமாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்குச் சுமார் 10 சதுர அடி தேவை. நெருக்கமான கூட்டத்தில் 4.5 போதும். 2.5 என்றால் அசையவே முடியாத நெரிசல்.

எங்கள் வளவு 100 அடி நீளம், 60 அடி அகலம். 6,000 சதுர அடி. தாராளமாக நின்றால் 600 பேர், நெருங்கி நின்றால் சுமார் 1,300. மூச்சுத் திணற அடைத்தாலும் 2,400க்கு மேல் போகாது. மூவாயிரம் பேருக்கு அங்கே நிலமே இல்லை.

ஆனால் மலரஞ்சலிக்கு வரிசையில் வந்து போகிறவர்களை இப்படி அளக்க முடியாது. படத்துக்கு முன்னால் நின்று, ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று சில தடவை எண்ணி, வரிசை நீடித்த நேரத்தால் பெருக்க வேண்டும். நிமிடத்துக்குப் பத்துப் பேர் என்றால் ஒரு மணித்தியாலத்தில் 600. கதிரையில் இருந்தவரும் எழுந்து வந்து பூப் போடுவார், அவரை இரண்டு தரம் எண்ணக்கூடாது. மே மாதத்தில் கஞ்சி வார்க்கும் இடங்களில் கோப்பைக் கணக்கு உதவும், சிறுவர்கள் இரண்டாம் தடவை வருவதைக் கழித்துவிட்டு.

பெரிய தலைவர்கள் என்றால் கணக்கும் பெருத்துவிடும். 1969 பெப்ரவரியில் சென்னையில் நடந்த அறிஞர் அண்ணாவின் இறுதி ஊர்வலத்தில் 1.5 கோடிப் பேர் கலந்துகொண்டதாகக் கின்னஸ் புத்தகம் பதிந்தது. 1971 குடிசன மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் மொத்தச் சனத்தொகையே சுமார் 4.12 கோடிதான். மூன்றில் ஒருவருக்கும் மேல் சென்னைக்கு வந்திருக்க வேண்டும். நெருங்கி நின்றாலும் ஆறு சதுர கிலோமீற்றருக்கு மேல் இடம் வேண்டும். வரலாறு காணாத கூட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த எண்ணைத்தான் நம்ப முடியவில்லை.

"கூட்டிச் சொன்னா என்ன குறையும்?" என்று ஏற்பாட்டாளர் கேட்டார்.

எண்ணால் நாங்கள் பட்டதை நினைவுபடுத்தினேன். 2009 தொடக்கத்தில் வன்னியில் எஞ்சியிருப்போர் சுமார் 70,000 பேர்தான் என்றது அரசாங்கம். உணவும் மருந்தும் அந்தக் கணக்கிலேயே போயின. 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வேறொரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிப் பதிவின்படி வன்னியில் இருந்தோர் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். இத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று காட்டிக் கழித்துக் காட்டினார், அவ்வளவுதான். 2021இல் ஆயர் காலமானார். அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. ஒரு வளவுக்குள் 600ஐ 3,000 ஆக்கும் நாங்கள், அந்தக் கழித்தலை நம்பச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பது?

என் 600இலும் ஒரு குறை உண்டு. புலனாய்வாளர் கமராவோடு நிற்கும் நாளில் பலர் வீதிக்கு அப்பால் கடை வாசலிலேயே நின்றுவிடுவார்கள். வீட்டுக்குள் விளக்கேற்றியவர்களும் என் கணக்கில் இல்லை. ஆகவே இப்போது செய்தியில் "வளவுக்குள் சுமார் 600 பேர், கதிரைகளில் 400" என்று எழுதி, வீதியில் நின்றவர்களைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். போன முறை கதிரைக்காரரின் பற்றுச்சீட்டை அந்த ஏற்பாட்டாளரே படம் எடுத்து அனுப்பியிருந்தார்.