சுனாமிப் பிள்ளைகளுக்கு வீடு கிடைத்தது. 18 வயசானதும் எங்கே போவது?

நாகப்பட்டினத்தில் 2022 பிப்ரவரி மாதம் ஒரு கல்யாணம் நடந்தது. மணப்பெண்ணைப் பெற்றவர்கள் யாரும் அங்கு இல்லை. அவர்களைக் கடல் கொண்டு போய் 17 வருஷம் ஆகிவிட்டது.

தகப்பனார் ஸ்தானத்தில் நின்று கல்யாணத்தை நடத்தி வைத்தவர் ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி. பெயர் ஜெ.ராதாகிருஷ்ணன். அப்போது அவர் தமிழக அரசின் சுகாதாரத்துறைச் செயலாளர்.

2025 பிப்ரவரியில் அதே ஊரில் இன்னொரு பெண்ணுக்குக் கல்யாணம். அதையும் அவர்தான் நடத்தி வைத்தார்.

இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். வீடு என்றால் சொந்த வீடு அல்ல. அரசாங்கக் காப்பகம்.

அதன் விவரம் வருமாறு:-

ஞாயிற்றுக்கிழமை காலை

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. கிறிஸ்துமசுக்கு மறுநாள். காலை 6.29 மணிக்கு சுமத்ரா தீவுப் பக்கம் கடலுக்கு அடியில் பூமி குலுங்கியது. நாகை கரைக்கு அலை வந்து சேர்ந்தது 9 மணி சுமாருக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. கரையில் இருந்த ஒருவருக்கும் தகவல் வரவில்லை.

பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைகள் மணலில் விளையாடிக் கொண்டிருந்தார்கள். வேளாங்கண்ணியில் திருவிழாக் கூட்டம் போலக் கூட்டம்.

நாகை மாவட்டத்தில் மட்டும் செத்தவர்கள் 6,065 பேர். அதில் ஆண்கள் 1,883. பெண்கள் 2,406. மீதி 1,776 பேர் குழந்தைகள்.

இந்தக் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். ஆண்களைவிடப் பெண்கள் 500 பேருக்கு மேல் அதிகம். படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்தவனுக்கு அலை அடியில் போனதே தெரியவில்லை. மீன் வாங்க கரையில் நின்றவள் போய்விட்டாள்.

ஆகவே தப்பிப் பிழைத்த பிள்ளைகளில் தாயை இழந்தவர்கள் ஏராளம். அப்பன் உயிரோடு இருப்பான். ஆனால் கடலுக்குப் போனால்தான் சோறு. அவன் கடலுக்குப் போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? பாட்டிதான். தள்ளாத வயசில் கூடை தூக்கி மீன் விற்று பேரப் பிள்ளைகளை ஆளாக்கிய கிழவிகளுக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் கிடையாது.

இதை எழுதுகிறவன் அன்றைக்குத் தொட்டிலில் கிடந்தவன். அந்த வயசுப் பிள்ளைகள் சிலர் அன்று சேற்றிலிருந்து எடுக்கப்பட்டார்கள். தன் பெயரே சொல்லத் தெரியாதவர்கள்.

யார் இந்த மாமா?

முதல் சில நாட்கள் பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும்தான் முகாம். ஒரு மூலையில் பிள்ளை உட்கார்ந்திருக்கும். ஒரு ஆள் வருவான்.

"நான் தாய்மாமன். நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்பான்.

உண்மையாகவே மாமனாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ரேஷன் கார்டைக் கடல் அடித்துக்கொண்டு போய்விட்டது. மூன்று வயசுப் பிள்ளையிடம் என்ன சாட்சி கேட்பது?

போலீஸ் செய்தி எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில்தான் வயிற்றைக் கலக்குகிறது. பிள்ளை பிடிக்கிறவனுக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. கெட்டவன் மட்டும் அல்ல, நல்ல மனசோடு வந்தவர்களும் தொல்லைதான். "எங்களுக்குப் பிள்ளை இல்லை, ஒண்ணு கொடுங்க" என்று பல பக்கமிருந்தும் கேட்டார்கள். சட்டப்படி தவிர யாருக்கும் தத்து கிடையாது என்று அரசாங்கம் கையை விரித்தது. அன்று அது பலருக்குக் கோபம். ஆனால் சரியான காரியம்.

பணமும் ஒரு காரணம். செத்தவர் ஒருவருக்கு மாநில அரசு 1 லட்சம், பிரதமர் நிவாரண நிதியில் 1 லட்சம் என்று குடும்பத்துக்கு வந்தது. தாய், தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளை பெயரில் 5 லட்சம் ரூபாய் டெபாசிட் போட உத்தரவு ஆயிற்று. பணம் வருகிறது என்றால் இல்லாத சொந்தமும் முளைக்கும்.

அந்த 5 லட்சத்தை 18 வயசு வரை தொட முடியாதபடி பிள்ளை பெயரிலேயே பூட்டி வைத்தார்களே, அதற்காக அந்த உத்தரவை எழுதிய குமாஸ்தாவுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அன்னை சத்யா இல்லம்

ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நாகை, கடலூர், கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் அரசு காப்பகம் திறந்தது. நாகை காப்பகம் 2005 ஜனவரியில், அலை வந்த சில வாரத்துக்குள் ஆரம்பமாகிவிட்டது. அப்போது முதல்-அமைச்சர் ஜெயலலிதா. எம்.ஜி.ஆரின் தாயார் பெயரில் "அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம்" என்று பெயர். சேர்ந்த பிள்ளைகள் சுமார் 100 பேர்.

தஞ்சாவூர் கலெக்டராக இருந்த ராதாகிருஷ்ணனை அவசரமாக நாகைக்கு மாற்றியிருந்தார்கள். அவரும் மனைவியும் அடிக்கடி காப்பகத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் அப்பா, அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தன.

கலெக்டர் வருவதும் போட்டோ எடுப்பதும் புதிது அல்ல. இங்கே நடந்தது வேறு. மாற்றல் உத்தரவு வந்து வேறு ஊருக்குப் போன பிறகும் அந்த மனிதர் வருவதை நிறுத்தவில்லை. ஏற்கனவே ஒரு தடவை எல்லாரும் விட்டுப் போன பிள்ளைக்கு, போனவர் திரும்பி வருவது எவ்வளவு பெரிய விஷயம்!

இந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதும் லேசான வேலை அல்ல. பிறந்த தேதி தெரியாது. பிறப்பு சர்டிபிகேட் கிடையாது. டி.சி. தண்ணீரோடு போச்சு. பள்ளிக்கூடமே முகாமாகக் கிடந்தால் வகுப்பு எங்கே நடக்கும்? முதலில் ஜனங்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றினார்கள், தார் ஷீட் கொட்டகைக்கு. பகலில் அதற்குள் உட்கார முடியாது, அடுப்பு மாதிரி கொதிக்கும். பிள்ளை நிம்மதியாக இருக்கிற இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான் என்று ஆயிற்று.

நம்ம ஊர் கதை

வீட்டைக் கொடுத்துப் படிப்பைக் கெடுத்த கதையும் உண்டு. தூரத்தில் இல்லை, நம் சென்னையில்தான்.

சாந்தோம், பட்டினப்பாக்கம் பக்கம் குடிசை இழந்த குடும்பங்களைச் செம்மஞ்சேரிக்கு அனுப்பினார்கள். கான்கிரீட் வீடு. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் 20 கிலோ மீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டது. விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்து, கூட்டத்தில் நசுங்கி, பழைய பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் பல பிள்ளைகள் நின்றுவிட்டன. பழைய மாமல்லபுரம் ரோட்டில் காலை பஸ்சில் தொங்குகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவை இல்லை.

காப்பகத்தின் கதவு

இனி 18 வயசு விஷயம்.

காப்பகத்தில் பிள்ளை 18 வயசு வரைதான் இருக்கலாம். பிறந்த நாள் அன்று நமக்குப் பாயசம். அவர்களுக்குப் பெட்டி கட்டுகிற நாள். வாடகை வீடு கேட்டால் "அப்பா, அம்மா எங்கே?" என்பான் வீட்டுக்காரன்.

நாகையில் அந்த இரண்டு பெண்களுக்கும் நல்ல காலம். 18 வயசுக்குப் பிறகு அதே ஊரில் ஒரு தம்பதி தங்கள் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் பின்னால் கல்யாணப் பத்திரிகை அடிக்க முடிந்தது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு வீடு அமையுமா?

2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. காப்பகத்தை விட்டு வருகிறவர்களுக்கு 21 வயசு வரை பராமரிப்பு உதவி கொடுக்கலாம். மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் இதற்கு மாதம் 4 ஆயிரம் ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தேடி வந்து கொடுக்க மாட்டார்கள்.

அதே சட்டத்தில் நமக்கும் ஒரு கட்டளை உண்டு. துணை இல்லாத பிள்ளையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, 1098 என்ற போனுக்கோ தகவல் சொல்ல வேண்டும். இரக்கப்பட்டு வீட்டில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் குற்றம்தான். 6 மாதம் வரை ஜெயில் அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து.

1098-க்குக் காசு கிடையாது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தகப்பனார் பெயர் என்ற இடம் காலியாக ஒரு விண்ணப்பம் உங்கள் மேஜைக்கு வரலாம். "அப்பா கையெழுத்து வாங்கிட்டு வா" என்று திருப்பி அனுப்புவதற்கு முன்னால், உடன் இணைத்திருக்கும் காகிதத்தில் காப்பகத்தின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.