உங்களுக்குத் தெரியுமா? சட்டமன்றக் கூட்டத்தொடரும் கன்று ஈனும் காலமும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலச் சட்டமன்றம் வழக்கமாக ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரியில் கூடுகிறது. அதிகபட்சம் 90 அமர்வு நாட்கள். அரசியலே தொழிலாக இல்லாமல், மாடு வளர்ப்பவரும் கோதுமை விதைப்பவரும் வந்து சட்டம் இயற்ற இந்த ஏற்பாடு வசதி என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 90 நாள் ஏப்ரல் கடைசிவரை இழுக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் அங்கே பசுக்கள் பெருவாரியாகக் கன்று ஈனும். தலையீற்றுக் கிடாரிகளை உறைபனி இரவிலும் சில மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்த்தாக வேண்டும். தாமதித்தால், ஈரம் காயாத கன்றின் காது நுனி குளிரில் உறைந்து, பிறகு உதிர்ந்தே போகும்.

கோடையில் கூடினால் என்ன? அப்போது புல் அறுத்துக் காயவைத்துக் கட்ட வேண்டும். இலையுதிர் காலத்தில் கன்றுகளை விற்க வேண்டும். அப்படியும் தலைநகர் ஹெலனாவில் பண்ணையார்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்களே என்று கேட்கலாம். வாஸ்தவம்தான். கொட்டிலைக் கவனிக்க மனைவியோ மகனோ கூலியாளோ இருந்தால் முடியும்; ஒண்டியாகப் பண்ணை நடத்துபவர் வேட்புமனு போடுமுன்பே சினைமாடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.